ஐநூறாவது வலியற்ற நாள்

வலி என்ற ஒன்றை மனித குலத்திலிருந்து முதன்முதலாக ஒழித்துக்கட்டிய இடம் பெரம்பலூர் அரியலூர் சாலையில், ஒரு பஞ்சர் கடைக்கு எதிரில் இருக்கிறது. வெளிநாட்டில் பெரிய பெரிய டாக்டர்கள் கோடிக்கணக்கில் செலவழித்து இன்னமும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்ரீ வஜ்ரவேல் சாக்குத் தொழிலகத்தின் நல அலுவலர் திரு. அய்யம்பெருமாள் அவர்களோ ஒரு தகரப் பலகை, கால் லிட்டர் பெயின்ட், மூன்று கொக்கி, கொஞ்சம் எண் தகடு, இவ்வளவை மட்டும் வைத்து வேலையை முடித்துவிட்டார்.

சுற்றுவட்டாரத்து சிமெண்ட் ஆலைகளுக்கு சாக்கு தைத்துக் கொடுக்கும் கம்பெனி அது. சிமெண்ட் ஆலை என்றால் கேட்டுக்குள் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று ஒரு பலகை இருக்கும். அதைப் பார்த்த அய்யம்பெருமாளுக்கு, ‘விபத்தை மட்டும் தடுத்து என்ன பிரயோசனம், அதன் பின்னால் வரும் வலியை யார் கேட்பது’ என்று ஒரு நாள் உதித்தது. மறுநாள் கேட்டுக்குள் பலகை ஏறியது. ‘இன்றுடன் வலியற்ற நாட்கள்’ என்று மேலே எழுத்து, கீழே கொக்கியில் எண். ஞாயிற்றுக்கிழமை ஆலை பூட்டிக் கிடந்தாலும் எண் ஏறும். சொல்லப்போனால் அன்றைக்குத்தான் வலி சுத்தமாக இருக்காது என்பது அவர் கணக்கு.

யாராவது வலி என்று எழுத்தில் கொடுத்தால் பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும். அப்படி ஒருமுறையும் நடக்கவில்லை. நடுவில் ஒருத்தியின் ஆட்காட்டி விரலில் மிஷின் ஊசி இறங்கி மறுபக்கம் வந்தது. பதிவேட்டில் அது ‘விரலும் சாக்கும் சேர்த்துத் தைக்கப்பட்டது, சாக்கு வீண்’ என்று ஏறியது. வலி பற்றிக் குறிப்பு இல்லை. ஐநூறாவது நாள் தொழிலதிபர்கள் சங்கத்திலிருந்து கேடயம் வரும், தைக்கும் பெண்கள் நூற்றறுபது பேருக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் கேரியர் என்று அறிவிப்பு.

தினமும் காலை எட்டு மணிக்கு எல்லாரையும் நிற்க வைத்து அய்யம்பெருமாள் பேசுவார்.

“வலிங்கறது என்னம்மா? ஒரு எண்ணம். லீவு எடுக்கணும்கற எண்ணம். அது மண்டையில பொறந்து வயித்துக்கு எறங்குது, அவ்வளவுதான். என்னையே எடுத்துக்கங்க. இருபத்தெட்டு வருச சர்வீஸ். தலைவலின்னு ஒரு பொட்டு தைலம் தடவுனது கிடையாது. கேன் தண்ணி கையால தொட்டது கிடையாது. போர் தண்ணிதான், அப்படியே சொம்போட. சுண்ணாம்புக்கல் பூமியில பொறந்த ஒடம்பு இது. கல்லத் தின்னாலும் கரைச்சுப்புடும்.”

முப்பத்தேழாம் நம்பர் மிஷினில் உட்காரும் ஹேமலதா இதை நான்கு வருசமாகக் கேட்கிறாள். செட்டிகுளத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். மண்டையில் பிறக்கும் எண்ணம் அவளுக்கு மட்டும் மாசத்துக்கு ஒருமுறை, மூன்று நாள், ஏன் அடிவயிற்றிலேயே நேராகப் பிறக்கிறது என்று அவள் யோசித்துப் பார்த்ததுண்டு. யோசிக்கிற நிலையில் இருந்தால். சாக்கு தைக்கும் ஊசி இடுப்புக்குள் ஓடுகிற மாதிரி இருக்கும். மிஷினுக்காவது சுவிட்ச் உண்டு. இரண்டு முறை வேனிலேயே மயங்கி விழுந்தாள். டிரைவர் அதை ‘தூக்கம்’ என்று எழுதிக்கொண்டான்.

காப்பீடா? கம்பெனியில் உண்டு, நிரந்தர ஊழியருக்கு. நிரந்தர ஊழியர்கள் பதினோரு பேர், பதினோரு பேரும் ஆண்கள். அவர்களுக்கு இந்த வலி வராது என்பதால் திட்டம் நன்றாக நடந்துவந்தது. ஹேமலதா காண்ட்ராக்ட். காண்ட்ராக்ட்காரரைக் கேட்டால், “உனக்கெதுக்கும்மா இன்சூரன்ஸ்? போர்டப் பாரு, யாருக்கும் ஒண்ணுமே வர்றதில்லையே” என்பார்.

ஆகவே அவளுடைய மருத்துவத் திட்டம் இரண்டே அங்கங்களைக் கொண்டது. ஒன்று, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃபைஸாவின் மலிவு விலை மருந்துக் கடை. இரண்டு, ஒரு பாட்டில்.

ஃபைஸா லப்பைக்குடிக்காட்டுப் பெண். மருந்தியல் படித்துவிட்டு, துபாயிலிருந்து அத்தா அனுப்பிய காசில் கடை போட்டவள். ஹேமலதா முதன்முதலில் வந்து, ஆண்கள் எல்லாரும் போகும்வரை இருமல் மருந்தையே முறைத்துக்கொண்டு நின்றபோது, அவளே கேட்டுவிட்டாள்.

“வயித்து வலிக்கா அக்கா? மாசத்து வலியா? சத்தமாவே சொல்லுங்க. இங்க யாரும் மயங்கி விழ மாட்டாங்க.”

ஒரு அட்டையை எடுத்து வைத்தாள். “இதே மருந்து, இதே மில்லிகிராம். எதிர்க்கடையில நாலு மடங்கு. மருந்துக்கு இல்ல, பேருக்கு. வெறும் வயித்துல போடாதீங்க. உச்சிக்கு ஏறட்டும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க, ஆரம்பிக்கறப்பவே சாப்ட்டுட்டுப் போட்டுருங்க. அல்சர் கில்சர் இருந்தா சொல்லிருங்க, இது வேணாம். ஆனா ஒண்ணுக்கா. மாத்திரை வலிய வாய மூடச் சொல்லும், ஏன் கத்துறேன்னு கேக்காது. ஜிஹெச்ல காட்டுங்க. ஒண்ணும் இருக்காது, இன்ஷா அல்லாஹ். இருந்தாலும் தெரிஞ்சுக்கறது நல்லதுதானே? அங்க காசு கிடையாது, டோக்கன்தான்.”

இரண்டு வருசம் கழித்து, வலி மாத்திரையையும் மீறிக் கத்த ஆரம்பித்த பிறகு, ஒரு வியாழக்கிழமை ஹேமலதா ஜிஹெச்சுக்குப் போனாள். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது.

“எத்தன வருசமா இப்படி?”

“ஏழு இருக்குங்க.”

“ஏழு வருசமா என்னம்மா பண்ணிக்கிட்டிருந்த?”

“கடைசி நாலு வருசம் சாக்கு தச்சேங்க.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “கர்ப்பப்பை பக்கத்துல கட்டி மாதிரி தட்டுப்படுது. ஸ்கேன் பாத்தாத்தான் என்ன ஏதுன்னு சொல்ல முடியும். மூணு வாரம் கழிச்சு வியாழக்கிழமை, பதினொன்றரைக்குள்ள வந்துரணும். விட்டா அடுத்த தேதிக்கு ரெண்டு மாசம் ஆயிரும். ரெண்டு மாசம் தள்ளிப்போடற விசயம் இல்ல இது. புரியுதா?”

புரிந்தது. தனியார் ஸ்கேன் சென்டரில் விசாரித்தாள். அவர்கள் சொன்ன தொகைக்கு அவள் பதினாலு நாள் சாக்கு தைக்க வேண்டும். ஆகவே வியாழக்கிழமைதான். ஒரே சிக்கல், அனுமதியில்லாத லீவு அரை வருசத்துக்கு இரண்டுதான். மூன்றாவது எடுத்தால் காண்ட்ராக்ட்காரர் பேரை அடித்துவிடுவார். வேனில் ‘தூங்கிய’ நாள் ஒன்று, ஜிஹெச் போன நாள் ஒன்று, இரண்டும் தீர்ந்துவிட்டது. முறைப்படி அனுமதி வாங்கியே தீர வேண்டும்.

இன்னொன்றை அவள் மறுநாள் கேட்டுக்குள் நுழையும்போதுதான் கவனித்தாள். பலகையில் 480. விரல் விட்டு எண்ணினாள். ஸ்கேன் நாள், ஐநூறாவது நாள்.

நலப்பிரிவு அலுவலகத்தில் குமாஸ்தா ரஞ்சித்குமார் நல்ல பையன். கல்யாணம் ஆகாதவன். ஹேமலதா விசயத்தைச் சொன்னதும் அவன் காது சிவந்து, ஸ்டேப்ளரைத் திறந்து மூடித் திறந்தான்.

“அக்கா, ஃபார்ம்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன போட?”

“வலின்னு போடுங்க தம்பி.”

“ஐயோ, அந்த வார்த்தை ஆகாதுக்கா. எழுதுனா போர்டு ஜீரோ.”

“அப்ப உண்மையச் சொல்லுங்க. மாசாமாசம் வர்றதுன்னு.”

அதற்கு அவன் முழுசாக ஸ்டேப்ளருக்குள்ளேயே போய்விட்டான். வெளியே வந்தபோது யோசனையோடு வந்தான். “கல்யாணம்னு போட்டுருவமா? ஆனா பத்திரிகை இணைக்கணும். சாவுன்னா கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போட்டோ இணைக்கணும். உங்ககிட்ட என்ன இருக்கு?”

“ஸ்கேன் சீட்டு இருக்குங்க.”

“அதுல வலின்னு எழுதியிருக்கா?”

“பின்ன?”

“அப்ப அத யாருக்கும் காட்டிராதீங்க.”

கடைசியில் ‘காரணம்’ கட்டத்தில் ஒரு கோடு போட்டு, விண்ணப்பத்தைக் குழுவுக்கு அனுப்பினான். குழுவின் பெயர் ‘வலியின்மை உறுதிக் குழு’. வலி இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலையல்ல. இல்லை என்று உறுதி செய்வதுதான்.

குழு அடுத்த புதன்கிழமை கூடியது. தலைவர் அய்யம்பெருமாள், செயலாளர் ரஞ்சித்குமார். மகளிர் பிரதிநிதி பதவி காலியாக இருந்ததால் தற்காலிகப் பொறுப்பில் குடோன் கீப்பர் வீரமுத்து உட்கார்ந்திருந்தார். தனக்கு நாலு பெண்கள் என்பதைத் தகுதியாக அவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

“உக்காரும்மா,” என்றார் அய்யம்பெருமாள். நாற்காலி இல்லை. “நாங்க உனக்கு எதிரி கிடையாது. பொண்ணுங்க நலனுக்குன்னே இருக்கற டிபார்ட்மெண்ட். இந்தா பாரு, முதலுதவிப் பெட்டி.” சுவரில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரே ஒரு மாத்திரை.

“அத ஒண்ணு குடுத்திருந்தாக்கூட போன மாசம்…”

“குடுத்துட்டா? ஆடிட்டுல கேப்பானே, மாத்திரை எங்கன்னு. பெட்டியில மாத்திரை இருக்கணும்னுதாம்மா விதி. குடுக்கணும்னு விதி கிடையாது. ஆறு வருசமா அந்த மாத்திரையக் காப்பாத்திக்கிட்டு வர்றேன். எக்ஸ்பைரி ஆனாலும் ஸ்டாக் ஸ்டாக்குதான்.”

வீரமுத்து தொண்டையைக் கனைத்தார். வாழ்நாள் முழுக்க மூட்டை எண்ணிய மனிதர். எந்த விசயத்தையும் அவரால் அப்படித்தான் பிடிக்க முடியும். “சுத்தி வளைக்க வேணாம். ஒன்னோட இது… எத்தன மூட்டை இருக்கும்?”

“எதுங்க?”

“அதாம்மா, அது. அம்பது கிலோ சிமெண்ட் மூட்டை ஒண்ண முதுகுல ஏத்துனா எப்படி இருக்கும்? அதுதான் ஒரு மூட்டை. ஒனக்கு எத்தன?”

ஹேமலதா யோசித்தாள். இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவள் தயாராகி வரவில்லை. “முதல் நாள் மூணு இருக்குங்க. ரெண்டாம் நாள் ரெண்டு.”

“சராசரி ரெண்டரை,” என்று ரஞ்சித்குமார் குறித்தான்.

“ரெண்டரைக்கு மேல இருந்தாத்தான் பரிசீலிக்கலாம்னு தீர்மானம் போட்டிருக்கோம்,” என்றார் தலைவர் வருத்தத்தோடு. “சரியா ரெண்டரையில நிக்குறியேம்மா. சரி, மனிதாபிமான அடிப்படையில பாப்போம். திடீர்னு வர்றதுக்கு அவசர விடுப்பு இருக்கு. ஒனக்குத் திடீர்னு வருதா?”

“இல்லங்க, மாசாமாசம்.”

“அப்ப அவசரம் இல்ல. முன்கூட்டித் தெரிஞ்ச விடுப்பு. எந்தத் தேதின்னு ஒரு வருசத்துக்குப் பட்டியல் குடு.”

“அது ரெண்டு நாள் முன்ன பின்ன வருங்க.”

“பாத்தீங்களா?” அய்யம்பெருமாள் மற்ற இருவரையும் பார்த்தார். “ஒழுங்கு இல்ல. நீ என்னம்மா சொல்லுவ, ‘எனக்கு வலிக்கறதுக்கு லீவு வேணாங்க, ஸ்கேனுக்குத்தான்’னு சொல்லுவ. வலி இல்லேன்னா ஸ்கேன் எதுக்கு? ஸ்கேன் வேணும்னா வலி இருக்குன்னு ஆயிரும். வலி இருந்தா போர்டு என்னாகும்? நான் ஒருத்தன் பொறுத்துக்குவேன். நூத்தி அறுவது பொண்ணுங்க கேரியரு போயிருமேம்மா. அவங்களும் பொண்ணுங்கதானே? அவங்க நலன நான் பாக்க வேணாமா?”

முடிவாக, வலியை நேரில் பார்த்த குடும்பத்தார் ஒருவரின் சாட்சிக் கடிதம் கேட்டார்கள். ஹேமலதாவின் புருசன் டிப்பர் லாரி ஓட்டுகிறவன். பெண்டாட்டி சுருண்டு கிடந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் வாசலில் போய் நிற்பவன், மற்றபடி தங்கமானவன். இரவெல்லாம் யோசித்து எழுதிக் கொடுத்தான். ‘மேற்படி வலியை நான் பலமுறை நேரில் பார்த்திருக்கிறேன். அது வலதுபுறமாகப் படுத்திருந்தது. தண்ணீர் கேட்டது. நான் கொடுத்தேன்.’ கோப்பில் இணைக்கப்பட்டது.

இதற்கிடையில் 487-ஆம் நாள் பாட்டில் பிடிபட்டது.

பாட்டில் என்பது ஒரு காலி குவார்ட்டர் பாட்டில். டீ போடும் மருதாயி அதை எங்கிருந்தோ கொண்டுவந்து, சோடா உப்புப் போட்டுக் கழுவி, வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, சாக்குத் துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றிக் கொடுப்பாள். அடிவயிற்றில் கட்டிக்கொண்டு மேலே சேலையை விட்டுக்கொண்டால் ஒரு மணி நேரம் தைக்கலாம். ஆறினால் டீ தூக்கோடு மருதாயி வருவாள், பாட்டில் போகும், சூடாகத் திரும்பும். நூற்றறுபது பெண்களில் எப்போதும் யாராவது இரண்டு பேருக்குத் தேவைப்படும். மிஷினிலிருந்து மிஷினுக்கு அது கைமாறும் நேர்த்தியைப் பார்த்தால் நலப்பிரிவே கற்றுக்கொள்ளலாம். செலவு, ஒரு சொம்பு தண்ணீர்.

அன்றைக்கு அது பக்கத்து மிஷின் வெற்றிச்செல்வியிடம் இருந்தது. அவள் எழுந்த நேரம் நழுவி, அய்யம்பெருமாளின் செருப்புக் காலடியில் போய் நின்றது. உடையவில்லை. உடைந்திருந்தால் தேவலை.

“மது பாட்டில்!” என்றார்.

“வெந்நிங்க சார்,” என்றாள் மருதாயி.

“மது பாட்டில்ல வெந்நி!” இது இன்னும் பெரிய குற்றமாக அவருக்குப் பட்டது. மிஷின்கள் நிறுத்தப்பட்டன. பாட்டிலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார். “நெலாவுல ராக்கெட் எறக்கிட்டோம். இங்க பிராந்தி பாட்டில்ல வெந்நிய ஊத்தி, சாக்கச் சுத்தி, வயித்துல கட்டிக்கிட்டு… ச்சீ. நாகரிகம் வேணாம்? மனுசனாப் பொறந்தவன் எவனாச்சும் இதச் செய்வானா? எங்க வூட்டுப் பொம்பளைங்கள்லாம் இருக்காங்க. ஒரு நாள் ஒரு சத்தம் வந்ததில்ல. என்ன ஏதுன்னு நான் கேட்டதும் இல்ல, அவங்க சொன்னதும் இல்ல. அதுக்குப் பேர்தாம்மா ஆரோக்கியம்!”

மாலைக்குள் சுற்றறிக்கை வந்தது. வெந்நீர் உள்ள மது பாட்டில், வெந்நீர் உள்ள மற்ற பாட்டில், பாட்டில் இல்லாத வெந்நீர் ஆகிய மூன்றும் வளாகத்தில் தடை. டீ விதிவிலக்கு. பிடிபட்ட பாட்டில், சாக்குத் துணி உட்பட, நல அலுவலரின் இரும்பு பீரோவில் ‘தடயம் 1’ என்று சீட்டு ஒட்டி வைக்கப்பட்டது.

ஹேமலதா ஒவ்வொரு நாளும் பலகையைப் பார்த்தாள். 491. 494. அனுமதி வரவில்லை. வெற்றிச்செல்வி ஒரு மதியம் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“கோவிச்சுக்காத ஹேமா. ஐநூறு தாண்டட்டும்டி. அப்புறம் நல்லா வலிச்சுக்க. யார் கேக்கப் போறா?”

“ஒனக்கு வலிக்கலையா?”

“எனக்கு வலிக்கலைன்னு யாரு சொன்னா? எம்மவ பள்ளிக்கூடத்துக்கு கேரியர் கேட்டுக்கிட்டே இருக்கா.” பிறகு, “கட்டின்னா சொன்னாங்க?” என்று கேட்டாள். ஹேமலதா தலையசைத்தாள். வெற்றிச்செல்வி அதற்கப்புறம் சாப்பிடவில்லை.

499-ஆம் நாள், புதன்கிழமை சாயங்காலம், வேன் கிளம்பும் நேரத்தில் ரஞ்சித்குமார் ஓடிவந்தான். முகமெல்லாம் சிரிப்பு. “அக்கா! சாங்ஷன் ஆயிருச்சு! மூணு கையெழுத்தும் வாங்கிட்டேன்!”

ஹேமலதா தாளை வாங்கிப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

‘மேற்படி பணியாளர் கடந்த வியாழக்கிழமை அரசு மருத்துவமனை செல்ல இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது. வாய்ப்பைத் தவறாமல் பயன்படுத்திக்கொள்ளவும்.’

“தம்பி, இது போன வியாழக்கிழமைப்பா. நாளைக்குத்தானே ஸ்கேன்?”

அவன் வாங்கிப் பார்த்தான். சிரிப்பு மெல்ல வடிந்தது. “அது… நாளைக்கு விழாக்கா. விழா நாள்ல யாருக்கும் லீவு கிடையாதுன்னு சார் சொல்லிட்டாரு. அதான் பக்கத்துல இருக்கற வேற ஒரு வியாழக்கிழமைல குடுத்துட்டோம்.” குரலைத் தாழ்த்தினான். “நான் சொன்னேன்க்கா. நெசமாவே சொன்னேன்.”

அந்தத் தாளை ஹேமலதா நாலாக மடித்து, ஸ்கேன் சீட்டோடு வைத்துக்கொண்டாள். அழவில்லை. வேனில் இடம் கிடைத்ததும் ஜன்னலில் தலையைச் சாய்த்தாள். டிரைவர் ‘தூக்கம்’ என்று எழுதிக்கொண்டான்.

வியாழக்கிழமை விடியும்போதே அது வந்துவிட்டது. ரெண்டு நாள் முன்ன பின்ன என்று சொல்லியிருந்தாளே, அந்த ரெண்டு நாள் முன்னால். இரண்டு இட்லியைத் தண்ணீர் விட்டு விழுங்கி மாத்திரை போட்டாள். போகாமல் ஜிஹெச்சுக்கே போய்விடலாமா என்று செட்டிகுளம் ஸ்டாப்பில் நின்றாள். போனால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால், கட்டி என்று வந்தால், அப்புறம் எதை வைத்துப் பார்ப்பது? பதினொன்றரை வரை நேரம் இருக்கிறது. கடைசியாக ஒருமுறை காலில் விழுந்தாவது கேட்டுப் பார்ப்போம் என்று வேனில் ஏறினாள்.

ஒன்பதரைக்கு விழா தொடங்கியது. ஷாமியானா, மைக், கேடயம், டிபன் கேரியர்கள் மலையாகக் குவித்து. சிறப்பு விருந்தினர் வெள்ளைச் சட்டையில் வந்து, பலகையில் 499-ஐக் கழற்றி 500-ஐ மாட்டினார். கைதட்டல். ஹேமலதா பின்வரிசையில் வெற்றிச்செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது, ஆனால் தனி ஆளாக.

அய்யம்பெருமாள் மைக்கைப் பிடித்தார். தோளில் பொன்னாடை. “ஐநூறு நாள்! ஒரு ‘ஆ’ உண்டா? ஒரு ‘அம்மா’ உண்டா? கிடையாது! வலிங்கறது ஒரு எண்…”

நிறுத்தினார். இடது கை இடுப்புக்குப் போனது.

“…எண்ணம். அது மண்டையில…” நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. நவம்பர் மாசம், காற்று சிலுசிலுவென்று அடித்துக்கொண்டிருந்தது. “மண்டையில பொறந்து… வயித்துக்கு… இல்ல, இடுப்புக்கு…” முகம் சாம்பலாக மாறியது. மைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். “இருபத்தெட்டு வருச சர்வீஸ்ல… நான்… ஒரு அவசரமான ஃபைல் இருக்கு. நீங்க தொடருங்க.” பக்கவாட்டில் சாய்ந்தபடி, நண்டு போல நடந்து, தன் அறைக்குள் போய்விட்டார். கடமை உணர்ச்சியைக் கூட்டம் கைதட்டிப் பாராட்டியது.

பத்து மணி இருபது. சிறப்பு விருந்தினர் பேச ஆரம்பித்திருந்தார். ஹேமலதா வெற்றிச்செல்வியின் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

“எங்கடி?”

“கேக்கத்தான்.”

வெற்றிச்செல்வி கேரியர் மலையை ஒருமுறை பார்த்தாள். பிறகு, “ஓடு,” என்றாள்.

நல அலுவலர் அறைக் கதவு சாத்தியிருந்தது. தாழ் போடவில்லை. தட்டினாள். உள்ளேயிருந்து, மாடு கன்று போடும்போது வருமே, அப்படி ஒரு சத்தம் வந்தது. தள்ளித் திறந்தாள்.

பீரோ திறந்து கிடந்தது. திரு. அய்யம்பெருமாள் அவர்கள் தரையில், மேசைக்கும் சுவருக்கும் நடுவில், வலதுபுறமாகப் படுத்து முட்டியை நெஞ்சுவரை மடக்கியிருந்தார். இடது விலாவுக்குக் கீழே பாட்டில். ‘தடயம் 1’ என்ற சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. மேலே சாக்குத் துணி, அதன் மேல் பொன்னாடை. பக்கத்தில் டீ தூக்கோடு மருதாயி.

“கல்லு,” என்றாள் மருதாயி. “கரையல.”

அய்யம்பெருமாள் கண்ணைத் திறந்தார். ஹேமலதாவைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். “இது… ஒரு ஆய்வு,” என்றார்.

ஹேமலதா குனிந்தாள். அவளுக்கும் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. இருவர் முகமும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்கு வந்தன. அவளுக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

“எத்தன மூட்டைங்க சார்?”

வெளியே மைக்கில் யாரோ அவர் பெயரைச் சொல்ல, கூட்டம் கைதட்டியது.

“மூட்டை இல்லம்மா,” என்றார். “லோடு.”

மேசை மேல் கேட் பாஸ் புத்தகம் இருந்தது. ஹேமலதா எடுத்து, தேதி எழுதி, இன்றைய தேதிதான், பேனாவை அவர் கையில் வைத்தாள். படுத்தபடியே கையெழுத்துப் போட்டார். கோணலாக, ஆனால் முழுசாக.

“காரணம்னு ஒரு கட்டம் இருக்குங்க சார்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “நீயே போட்டுக்க.”

அவள் போட்டுக்கொண்டாள். இரண்டே எழுத்து. கதவுவரை போனவள் திரும்பினாள். “துணிய இன்னொரு மடிப்பு போட்டுக்கங்க, இல்லேன்னா தோலு வெந்துரும். இதோட விட்டுராம ஜிஹெச்ல காட்டிருங்க. அங்க காசு கிடையாது, டோக்கன்தான்.”

கேட்டில் வாட்ச்மேன் பாஸைப் படித்தார். ‘காரணம்’ கட்டத்தைப் படித்தார். தலையைத் தூக்கி, பலகையில் புத்தம் புதுசாகத் தொங்கிய 500-ஐப் பார்த்தார். அதன் அடியில் பெண்கள் கேரியருக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள், அதற்குள் வெளியே வந்துவிட்ட மருதாயி அவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். பாஸை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “நாளைக்குச் சேத்துக்கறேன். நீ போ தாயி, பஸ்ஸு வருது பாரு.”

சாலையில் பெரம்பலூர் பஸ் தெரிந்தது. வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு ஹேமலதா மறுகையை நீட்டினாள். பின்னால், நல அலுவலர் அறையின் சாலைப் பக்கத்து ஜன்னல் ஒரு சாண் அளவுக்குத் திறந்தது.

“மருதாயி… மருதாயிம்மா,” என்று உள்ளேயிருந்து ஒரு குரல், யாருக்கும் கேட்காதபடி, கூப்பிட்டது. “ஆறிப்போச்சு. கொஞ்சம் வெந்நி.”